மரமிய்யாச் செடி முடித்துவைத்த சம்பந்தம்

அஜ்லூன்

பெருமதிப்புக்குரிய அக்கா உம்மு ஸுஹைர் அவர்களுக்கு, தம்பி நாயிஃப் ஸலாம் கூறி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் மூவரும் சுகம். உன் முழங்கால் வலியும் மச்சானின் கோபமும் தணிந்திருக்க துஆ செய்கிறோம்.

நிற்க. நம் மகள் ரனீமுக்குச் சம்பந்தம் முடிவாகிவிட்டது. முடித்துவைத்தது யார் தெரியுமா? என் வாசல் மரமிய்யாச் செடி! போன தடவை வந்தபோது "என்னடா இது, புதர்" என்று உதட்டைப் பிதுக்கினாயே, அதேதான். இடுப்புயரம் வளர்ந்து, சாம்பல் இலையும் ஊதாப் பூவுமாக நடைபாதையில் பாதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. என் வீட்டுக்காரி ஹிந்தின் ரோஜாவுக்கு ஒருவேளை தண்ணீர் தவறினால் முகம் சுண்டிப்போகும். இதுவோ இந்த மலையிலேயே பிறந்தது, கோடை முழுக்க ஒரு வாய் தண்ணீர் கேட்கவில்லை. உரசிக்கொண்டு போனால் போதும், சட்டை சாயங்காலம் வரை மணக்கும்.

போன வெள்ளிக்கிழமை பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் வருகிறார்கள். காலையிலிருந்து ஹிந்த் கத்திரியோடு நிற்கிறாள். "வர்றவங்க எப்படி உள்ள வருவாங்க? பறந்தா?" "ஒருத்தர் பின்னால ஒருத்தரா வரட்டும்டி. அவங்களுக்கு முன்னாலயே இங்க இருக்கிற செடி"ன்னு சொல்லிக் கத்திரியைப் பிடுங்கி வச்சிட்டேன். வந்தாங்க. முன்னால மாப்பிள்ளையோட அப்பா அபூ லய்ஸ், பட்டாளத்துல இருந்தவரு, புதுச் சட்டை, புது அங்கி. செடியைத் தாண்டும்போதே பூவெல்லாம் தேனீ. கூடத்துக்கு வந்தவர் உட்காரப் போனாரு, "ஆ"ன்னு எழுந்தாரு, அப்புறம் உட்காரவே இல்ல. தலைவர் நிக்கிறாருன்னு மத்தவங்களும் நிக்கிறாங்க. பெண் கேட்டுச் சம்மதம் சொன்னால்தான் காப்பியைத் தொடுவாங்க, அது முறை. இங்கே கேட்கவே ஆள் உட்காரல! என் தம்பி முறைக்காரன் காதுல வந்து, "என்னண்ணே, பொண்ணு வேணாங்கிறாரா?"ன்னு கேட்கிறான். உள்ளே ரனீம் அழுற சத்தம்.

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. தேனீ! அதுவும் சொல்லக்கூடாத இடத்தில்! ஓடிப்போய் ஒரு கை மரமிய்யா இலையைக் கசக்கி அவர் கையில் திணித்துக் குளியலறையைக் காட்டினேன். போனவர் நிமிர்ந்த நெஞ்சோடு வந்து, ஜம்மென்று உட்கார்ந்து, கூடமே மணக்கச் சொன்னார்: "நாயிஃப், கொட்டினதும் உன் வீடு, மருந்து போட்டதும் உன் வீடு. இனிமே உறவில்லன்னு எப்படிச் சொல்றது? பொண்ணைக் குடுப்பா, காப்பி ஆறுது!" கொடுத்தேன். குடித்தார்கள். போகும்போது ஆளுக்கொரு கொப்பு ஒடித்துக்கொண்டு போனார்கள். ஆக, அக்கா, என் செடியைப் புதர் என்று இனி எவரும் சொல்லவேண்டாம்.

மச்சானுக்கு என் மரியாதையும் பிள்ளைகளுக்கு முத்தங்களும். உங்கள் வீட்டில் பரக்கத் பெருகட்டும்.

அன்புத் தம்பி,
நாயிஃப்

பி.கு: மதினி, ஹிந்த் எழுதுறேன். உறையை ஒட்டச் சொல்லிக் குடுத்தாரு. சம்பந்தத்தை நானும் மாப்பிள்ளையோட அம்மா உம்மு லய்ஸும் பெருநாளைக்கு முன்னாடியே பேசி முடிச்சாச்சு, மண்டபமும் சொல்லியாச்சு. ஆம்பளைங்க வந்தது காப்பி குடிக்கத்தான். ரனீம் அழல, சிரிப்பை அடக்கிக்கிட்டிருந்தா. தேனீயும் கொட்டல. புது அங்கியில தையல்காரர் விட்டிருந்த குண்டூசியைக் குளியலறைத் தரையில நான்தான் பொறுக்கினேன். இவருகிட்ட சொல்லிடாதீங்க. இத்தோட ஒரு கொத்து மரமிய்யா காயவச்சு அனுப்பியிருக்கேன், டீயில போட்டுக் குடிங்க. வாசம் மட்டும் இவர் சொன்னது நெசம்.