ஓம் என்றால் ஆம்

லக்சன் “ஓம்” என்றதும் கைத்தொலைபேசி பக்திப்பாடல் பாடத் தொடங்கியது.

மறுநாள் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டுச் செயற்றிட்டத்தைக் காட்டவேண்டும். மென்பொருள் படிக்கும் லக்சனும் வித்தியாவும் சேர்ந்து செய்த செயலி அது. போகவேண்டிய ஊரைச் சொன்னால், “காங்கேசன்துறையா?” என்று திருப்பிக் கேட்கும். ஆம் என்றால் பஸ் நேரத்தைக் காட்டும். ஆனால் யாழ்ப்பாணத்தில் யார் ஆம் என்கிறார்கள்?

“உம்மடை வீட்டிலை ஆரையாவது ஓம் சொல்ல வைச்சுப் பதிவு செய்யும். அதைக் குடுத்துப் பழக்குவம்,” என்றாள் வித்தியா.

மயிலிட்டியில் அவன் வீட்டில் அகப்பட்டவர் அம்மா கனகாம்பிகைதான். மீன் வெட்டிக்கொண்டு ஓம் சொன்னார். உடுப்புத் தோய்த்துக்கொண்டு ஊர்ப் பெயர்களைச் சொன்னார். பொழுதுபடுமுன் செயலி நன்றாகப் பழகிவிட்டது. அம்மா கேட்டால் உடனே பஸ் நேரம் வந்தது. லக்சன் கேட்டால், “மன்னிக்கவும், விளங்கவில்லை” என்றது. அம்மாவின் குரலைத் தவிர வேறெதையும் அது மதிக்கவில்லை.

திருத்த நேரமில்லை. அம்மாவைப் போலக் கதைத்துச் சமாளிப்பது என்று முடிவெடுத்தான். காலையில் பஸ்ஸில் அதைப் பழகிப் பார்த்தபோது, பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு இருக்கைக்குப் போனார்.

விரிவுரையாளர் ஜெபநேசனுக்குச் செயலியை விளக்கிவிட்டு, லக்சன் தொண்டையைச் செருமி, மெல்லிய பெண்குரலில் காங்கேசன்துறை என்றான்.

“மன்னிக்கவும், விளங்கவில்லை.”

வித்தியா சொன்னாள். ஜெபநேசனும் சொல்லிப் பார்த்தார். எல்லோரிடமும் அது மன்னிப்புக் கேட்டது. அந்த நேரம், வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வரவேண்டிய பரீட்சகர் மரியரட்ணம் பிந்தி வந்து, இது என்ன செயலி என்று ஒன்றும் கேளாமல் பின்னால் இருந்தார். லக்சன் இந்தமுறை அம்மா ஏசும் குரலில் முயன்றான். அதற்கும் மன்னிப்புத்தான்.

இதில் தவறினால் இன்னொரு வருடம் இதே வகுப்பறை வாங்கில் இருக்கவேண்டும். வெட்கத்தை விட்டு, வித்தியாவின் தொலைபேசியில் அம்மாவை அழைத்து, ஒலியைக் கூட்டிவைத்தான்.

“அம்மா, காங்கேசன்துறை எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ.”

“உதுக்கோ கம்பசுக்குப் போனனீ? காங்கேசன்துறை.”

“காங்கேசன்துறையா?” என்றது செயலி.

“ஓம். உது ஆர் குறுக்காலை கதைக்கிறது?”

திரையில் பஸ் நேரங்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஜெபநேசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் புள்ளியிடப் பேனையை எடுத்தார். லக்சன் நிலத்தைப் பார்த்தபடி நின்றான்.

மரியரட்ணம் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“குரலாலை திறக்கிற பூட்டுக் கனக்கப் பாத்திருக்கிறன் தம்பி, பெத்த பிள்ளையே தாய் மாதிரிக் கதைச்சும் திறக்காத பூட்டை இண்டைக்குத்தான் காணுறன்.”