அத்தை ஏறாத விமானம்

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவனை ஆகாய விமானம் வாங்க அனுப்பக் கூடாது, பிள்ளைகளே. என்னை அனுப்பினார்கள். அனுப்பியவர் உங்கள் அம்மாவைப் பெற்றவர், என் தாய்மாமா.

எழுபதுகளில் மாமாவுக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை. மதுரையிலும் கோவையிலும் கிளைகள். ரயிலில் போய் வந்தே இடுப்பு போயிற்று என்பார். வடக்கே ஏதோ கம்பெனி தன் பழைய விமானத்தை விற்கிறது, மீனம்பாக்கத்தில் நிற்கிறது என்று ஒருநாள் கேள்விப்பட்டார். டர்போப்ராப் என்று பெயர். (ஜெட்டின் இஞ்சின், முன்னால் ஒரே ஒரு காற்றாடி. எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். மாமாவுக்கு அதுவும் இல்லை.)

"ஏல மருமவனே, கடைக்கும் ஆச்சு, குடும்பத்தோட திருச்செந்தூர் போகவும் ஆச்சு. கூட நின்னு முடிச்சுக் கொடு. வந்ததும் கல்யாணத் தேதி பாத்துருவோம்" என்றார்.

கல்யாணம் எனக்கும் அவர் மகளுக்கும். சின்ன வயதிலேயே பேசி வைத்தது. ஆனால் கடையில் துணி கிழிக்கிறவனுக்குப் பெண் கொடுப்பதில் அத்தைக்கு அத்தனை விருப்பமில்லை. ஆக, விமானம் கிளம்பினால்தான் நான் மாப்பிள்ளை.

எங்கள் ஆட்கள் ஒரு பட்டுப்புடவை எடுக்கவே குடும்பத்தோடு போவார்கள். விமானம் என்றால் சும்மா இருப்பார்களா? மாமா, அத்தை, மகள், மாமாவின் தம்பிகள் இரண்டு பேர், தூக்குவாளியில் புளியோதரை. ஒரு சுற்று பறந்து பார்த்துவிட்டு விலை பேசுவதாக ஏற்பாடு.

பைலட் மரியாதையானவர். "சின்ன விமானம் சார். ஒவ்வொருத்தர் எடையும் தெரிஞ்சாத்தான் ஏத்த முடியும்" என்று விமானம் நின்ற ஷெட்டின் அந்தக் கோடியில் இருந்த சரக்குத் தராசைக் காட்டினார். அவர் விமானத்தடியில் எழுத நின்றார். எடை பார்த்துச் சொல்லும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கடைப் பழக்கம் காலை வாரியது இங்கேதான். எங்கள் கடையில் துணியை அளந்து கிழித்ததும், கூட்டத்தைத் தாண்டிக் கேட்கும்படி அளவைக் கூவ வேண்டும்; அப்போதுதான் பில் போடுகிறவர் எழுதுவார். அத்தை தயங்கித் தயங்கித் தராசில் ஏறினார். முள் நின்றது. நான் தொண்டையைத் திறந்தேன்.

"எண்பத்தி நாலேகா…ல்."

தகர ஷெட். அதுவும் ஒருமுறை திருப்பிச் சொன்னது.

"இன்னா நைனா, ஏலம் வுட்டுக்கினு கீறியா?" என்றார் இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு மெக்கானிக்.

(அதோடு நிறுத்தியிருக்கலாம். வாடிக்கையாளரிடம் சொல்லும் பழக்கத்தில், "கூடத்தான் இருக்கும், குறையாது" என்றும் சேர்த்தேன்.)

அடுத்து உங்கள் அம்மா ஏறினாள். "அம்பத்தி ரெண்டு. கூவிராதிய அத்தான்" என்றாள் குனிந்தபடி. நான் பைலட் வரைக்கும் ஓடிப்போய் அவர் காதில் சொன்னேன். அத்தை அதையும் பார்த்தார்.

பைலட் கூட்டிப் பார்த்தார். "யாராவது ஒருத்தர் கீழயே நிக்கணும்."

நான் நின்றிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. எல்லாரோடும் சேர்ந்து நானும் அத்தையைப் பார்த்தேன்.

அத்தை தூக்குவாளியைக் கையில் எடுத்தார். "என்னை ஏத்தாத வண்டி நமக்கு எதுக்கு? இந்தக் கூவுத பயலுக்குப் பொண்ணும் கிடையாது, கேட்டியளா?"

மாமா விமானத்தைப் பார்த்தார். விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்த புளியோதரையைப் பார்த்தார். பிறகு அதன் பின்னாலேயே நடந்தார்.

அதற்கப்புறம் பல மாதம் அவர்கள் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. கடையிலும் வாய்க்குள்ளேயே கூவினேன். திடீரென்று அத்தையே ஆள் அனுப்பினார். தேதி பார்க்கலாமாம், ஆனால் அதற்கு முன் மாப்பிள்ளைக்கு வடபழனி கோயிலில் வெல்லத் துலாபாரம் கொடுப்பதாக நேர்ந்திருக்கிறாராம். நம் மேல் இத்தனை பாசமா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. (மடையன்.)

ஒரு தட்டில் நான், மறு தட்டில் வெல்லம், சுற்றிலும் சொந்தபந்தம் அத்தனையும். அரை மூட்டையிலேயே என் தட்டு மேலே போய்விட்டது. அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கோபுரத்துக்குக் கேட்கும்படி கூவினார்.

"நாப்பத்தி ஏழே ஏ…ழு!"

இன்றும் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், "நாப்பத்தி ஏழு வந்தாச்சு, இலையைப் போடு" என்கிறார்கள். உங்கள் அம்மா என்னைவிட ஐந்து கிலோ கூட என்பது அன்று அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவள் தூணுக்குப் பின்னால் போய்ச் சிரித்தாள். தாலி கட்டும்போதும் அடக்க முடியவில்லை. கல்யாண போட்டோவில் அம்மா வெட்கப்படுகிறாள் என்று நீங்கள் நினைப்பது அதைத்தான்.