கழுத்துப்பட்டியின் முழுவியளம்

வேலை செய்து களைத்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வேலை தேடுவதையே வேலையாக வைத்துக்கொண்டு, ஒரு நாள்கூட லீவு போடாமல் உழைத்த மனிதன் இந்தக் குடாநாட்டில் ஒருவன்தான். அவன் நீர்வேலியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரன். எங்கள் ஒழுங்கையில் இருக்கிற எல்லா வீடும் அவனைக் கழுத்துப்பட்டி என்றுதான் கூப்பிடும்.

ஒருமுறை நேர்முகப் பரீட்சைக்குப் போனவன், 'டை' என்கிற கழுத்துப்பட்டி இறுக்கியதில் வாயில் கதையே வரவில்லை என்று திரும்பி வந்தான். அன்றிலிருந்து கழுத்தைப் பழக்க வேண்டும் என்று எந்த நேரமும் அதைக் கட்டிக்கொண்டு திரிந்தான். சாரம், வெறும் மேல், கழுத்துப்பட்டி. அந்தக் கோலத்தில்தான் வாழைக்குத் தண்ணீர் கட்டுவான். குளிக்கும்போதும் கழற்றமாட்டான்.

"நனைஞ்சால் சுருங்குமெல்லோ தம்பி?" என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"சுருங்கட்டும் மாமி. இதுக்குத் தாக்குப்பிடிச்சால் எந்த மனேச்சருக்கும் தாக்குப்பிடிக்கலாம்."

அவனுடைய அவசரத்தில் நியாயம் இருந்தது. புத்தூரில் ஒரு பெண்பிள்ளையைக் கலியாணம் பேசி, இரண்டு பேருக்கும் நன்றாகப் பிடித்துப்போயிருந்தது. பிள்ளையின் தகப்பன் மட்டும், "ஆவணிக்குள்ளை மாப்பிள்ளைக்கு ஒரு உத்தியோகம் வேணும். இல்லாட்டிக் கனடாப் பொடியனுக்கு ஓம் எண்டுபோடுவன்" என்று சொல்லிவிட்டார். தோட்டம் செய்வது அவர் கணக்கில் உத்தியோகம் இல்லை.

தன் படிப்பில் குறையில்லை, வீட்டை விட்டு வெளிக்கிடுவதில்தான் குறை என்று கழுத்துப்பட்டி கண்டுபிடித்தான். நல்ல காரியத்துக்கு வெளிக்கிடும்போது எதிரே வருவதை நாங்கள் முழுவியளம் என்போம். அது பிழையானால் காரியமும் பிழையாகும். ஆகவே முதலில் அவன் மச்சாள் நிறைகுடத்தோடு எதிரே வந்தாள். அவன் சைக்கிளை நேரே அவள்மேல் விட்டான். சேர்ட்டிபிக்கற் எல்லாம் குளித்தன. அடுத்தமுறை பசுமாட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அது கழுத்துப்பட்டியின் நுனியைச் சப்பத் தொடங்கி, அவனை வைக்கல் போர்வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

இன்னொருமுறை எல்லாம் திறமாக நடந்தது. ஆனால் ஒழுங்கை முடக்கில் பாண் விற்கிறவன் ஓட்டோவை நிற்பாட்டி, "எங்கை அண்ணை வெளிக்கிட்டியள்?" என்று கேட்டுவிட்டான். அப்படிக் கேட்டால் வீட்டுக்குத் திரும்பி, இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தானே போகவேண்டும்? குடித்துவிட்டுப் போனான். பஸ் போய்விட்டது. அடுத்த நாள் அவன் வீட்டு வாசல் படலையில் ஒரு மட்டை தொங்கியது: 'நான் எங்கே போகிறேன் என்று ஒருவரும் கேட்கக்கூடாது.' அதுவரை கேட்காதவர்களும் அதை வாசித்துவிட்டுக் கேட்டார்கள்.

இதற்கிடையில் பதில்களைப் பாடமாக்கினான். கேள்வி கேட்க ஆளில்லாமல் என்னைப் பிடித்தான். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஆட்களின் முகம் பார்த்துக் கதைக்கவும் கூச்சம். குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் மனேச்சராக இருந்தேன்.

"கேளுங்கோ மாமி."

"சாப்பிட்டியோ தம்பி?"

"உப்பிடியெல்லாம் கேக்கமாட்டினம். கஷ்டமாக் கேளுங்கோ."

நான் யோசித்தேன். "என்ன கறி?"

அவன் பெருமூச்சு விட்டு, கழுத்துப்பட்டியைச் சரிசெய்து, "கத்தரிக்காய்ப் பால்கறி, ஐயா" என்றான். மற்ற நாட்களிலும் நான் அதையே கேட்டேன். அவனும் அதையே சொன்னான்.

ஆவணி நெருங்கியபோது ஒரு பின்னேரம் வந்தான். "மாமி, நல்ல முழுவியளம் எல்லாம் பாத்தாச்சு. ஒண்டும் சரிவரேல்லை. நாளைக்கு நீங்கள் எதிரை வாங்கோ."

எங்கள் வீட்டுக்காரர் செத்த நாளிலிருந்து, அயலில் யாரும் நல்லதுக்கு வெளிக்கிட்டால் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிடுவேன். ஒருவரும் சொல்லத் தேவையில்லை. கூச்சக்காரிக்கு அது வசதியும்தான்.

"உனக்கென்ன விசரே? தாலியில்லாதவள் எதிரை வந்தால் காரியம் கெட்டுப்போம்."

"கெடுறதுக்கு இனி என்ன மாமி கிடக்கு?"

விடிய, சேலைத் தலைப்பால் போர்த்திக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி எதிரே நடந்தேன்.

"நிமிந்து வாங்கோ மாமி. நேர்முகம் எனக்குத்தான், உங்களுக்கில்லை."

அவன் விழவில்லை. நனையவில்லை. எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. என்னால் அந்தப் புத்தூர்ப் பிள்ளை கனடாவுக்குப் போய்விடுமோ என்று படலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொழுதுபட வந்து குசினி வாசலில் இருந்தான். "வாழைக்குலை ஏத்துமதி செய்யிற கம்பனி மாமி. நடுவிலை இருந்தவர் முதல் கேட்டது என்ன தெரியுமே? 'விடியவே வந்திட்டீர், சாப்பிட்டனீரோ தம்பி?'"

"நீ என்ன சொன்னாய்?"

"கத்தரிக்காய்ப் பால்கறி ஐயா எண்டன்."

"காலமை நீ திண்டது பாணெல்லோ?"

"பாடமாக்கினது அதெல்லோ மாமி. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சவை. எனக்குப் பயம் போயிட்டுது. பிறகு வாழையைப் பற்றிக் கேட்டினம், வாய் மூடாமல் கதைச்சன். முதலாந் திகதி வேலைக்கு வரட்டாம்."

ஆவணியில் கலியாணம். மாப்பிள்ளைக் கார் வெளிக்கிடும் நேரம் நான் வழக்கம்போலக் கதவைச் சாத்தியிருந்தேன். கார் எங்கள் படலையடியில் வந்து நின்று, ஹோர்னை விடாமல் அடித்தது. "மாமி எதிரை வராமல் நான் அசையன்" என்று அவன் குரல். "நல்ல நேரம் போகுதடா" என்று தாயின் குரல். பிறகு அந்தத் தாயே என்னை, "மச்சாள், ஒருக்கா வாவன்" என்று கூப்பிட்டாள்.

போனேன். தலைப்பாகை, பட்டு வேட்டி, மாலை. மாலைக்குள்ளால் கழுத்துப்பட்டி எட்டிப் பார்த்தது, மாடு சப்பிய அதே நுனி. என்ன சொல்வதென்று தெரியாமல், "சாப்பிட்டியோ தம்பி?" என்று கேட்டேன்.

"இண்டைக்கு விரதம் மாமி. வேறை கேள்வி கேளுங்கோ."

வேறு கேள்வி எனக்குத் தெரியாது. கார் முடக்கில் திரும்பும்வரைக்கும் ஒழுங்கை நடுவிலேயே, நிமிர்ந்து நின்றேன்.