சம்பந்தி வீட்டுக்கு டப்பாவோடு போன தம்பி

அன்பும் கோபமும் ஒருசேர உள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணங்கி எழுதுவது. நீயும் அத்தானும் பாப்பாவும் சுகமா என்று முதலில் கேட்க வேண்டும். வீடு வீடாகப் போய் அதையே கேட்டுச் சம்பளம் வாங்குகிற சுகாதார ஆய்வாளன் நான். கேட்ட இடத்திலெல்லாம் வம்புதான் வந்தது. ஆகவே சுகம் என்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். போன் செய்தால் எடுப்பதில்லை, வாசலுக்கு வந்தால் கதவைத் திறப்பதில்லை. என் போட்டோவைக்கூட பீரோவுக்குப் பின்னால் போட்டுவிட்டாய் என்று அத்தான் சொன்னார். அவர் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே, பாவம்.

பாப்பாவின் கல்யாணத்தைப் பேசி முடித்த கையோடு நீ உன் கையாலேயே சமைத்து விருந்து போட்டாயே, அதற்கு மறுநாள் சம்பந்தி வீட்டில் பாதிப் பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. ஒரே விருந்தில் சாப்பிட்டவர்கள் இப்படிக் கூட்டமாக வந்து படுத்தால் ஆஸ்பத்திரி டாக்டர் எங்கள் ஆபீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும், அது விதி. சொல்லிவிட்டார். நான்தான் தூண்டிவிட்டேன் என்று நீ சொல்லித் திரிவது கொஞ்சமும் நியாயமில்லை. தகவல் வந்தபோது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். விலாசத்தைப் பார்த்ததும் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். "சார், இது எங்கக்கா வீடு, வேற யாரையாவது அனுப்புங்க" என்று அதிகாரியிடம் கெஞ்சினேன். "அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. உங்களைன்னா உள்ள விடுவாங்க" என்றார் அந்த மனுஷன். அவருக்கு அக்கா கிடையாது.

யார் யார் என்னென்ன சாப்பிட்டார்கள் என்று கேட்பதுதான் முதல் வேலை. நோய் வந்தவர் சாப்பிட்டதையும் வராதவர் சாப்பிட்டதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதில் வினை என்று தெரிந்துவிடும். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபோது சுலபமாகத்தான் இருந்தது. "நான் எங்கங்க சாப்பிட்டேன், பேருக்கு ரெண்டு வாய் வச்சேன்" என்றார் சம்பந்தியம்மா. "கோழியா? ஐயோ, நான் தொடவே இல்ல" என்றார் அவருடைய நாத்தனார். அவருக்கு மூன்றாம் முறை கோழி பரிமாறியதே நான்தான், அக்கா! எல்லார் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால் அன்றைக்கு யாருமே எதுவுமே சாப்பிடவில்லை. நீ வைத்த சோறும் கறியும் பாத்திரத்திலேயே ஆவியாகிப் போயிருக்கின்றன.

வாய் பொய் சொன்னாலும் வயிறு சொல்லாது என்று, மலப் பரிசோதனைக்கு ஆளுக்கொரு சின்ன டப்பா கொடுக்க வேண்டியதாயிற்று. சமைத்த நீயும் பரிமாறிய நானும் முதலில் கொடுத்தோம். நீ கொடுத்தாய் என்பதைவிட என் மேல் விட்டெறிந்தாய் என்பதே சரி. மூடி இறுக்கமாக இருந்தது, நான் செய்த புண்ணியம். பிறகு அதே மாதிரி காலி டப்பாக்களோடு சம்பந்தி வீட்டுக்குப் போனேன். சம்பந்தி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாங்க உங்ககிட்ட பொண்ணு கேட்டு வந்தோம். நீங்க எங்ககிட்ட என்ன கேட்டு வந்திருக்கீங்கன்னு யோசிச்சுப் பாத்தீங்களா?" என்றார். "காலையில குடுத்தாப் போதுங்க" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அன்று சாயங்காலமே, கல்யாணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று உனக்கு ஆள் அனுப்பிச் சொன்னார்கள். பாப்பா அழுதாளாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, அக்கா. நான் தூக்கி வளர்த்த பிள்ளை.

அலுத்துப்போச்சு. ஊர்ல எவனுக்கு வயிறு வலிச்சாலும் நான்தான் குற்றவாளி. உன் சமையல்கட்டு எப்படிப்பட்டதுன்னு எனக்குத் தெரியாதா? உன் மேல ஒரு தூசு சந்தேகம்கூட எனக்குக் கிடையாது. அதனால ஒரு முடிவுக்கு வந்துட்டேன். "காரணம் தெரியவில்லை" என்று நாளைக்கு அறிக்கை எழுதி விசாரணையை முடித்துவிடுகிறேன். எழுதக்கூடாதுதான். ஆனாலும் பாப்பா கல்யாணம் நடக்க வேண்டும். சம்பந்தி வீட்டுப் பக்கம் இனி தலைவைத்தும் படுக்க மாட்டேன்.

அத்தானுக்கு என் அன்பு. பாப்பா நூறாண்டு நன்றாக இருக்கட்டும். உனக்கு எப்போது மனம் ஆறுகிறதோ அப்போது என் போட்டோவை வெளியே எடு.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போற நேரத்துல மாப்பிள்ளை ஆபீசுக்கு வந்துட்டார். கையில துணிப்பை. உள்ளே அவங்க வீட்டு எல்லார் டப்பாவும்! "அப்பாவைச் சம்மதிக்க வைக்கத்தான் லேட்டாச்சு மாமா. கல்யாணம் குறிச்ச தேதியிலயே நடக்கும், பாப்பாகிட்ட சொல்லிட்டேன்"னார். எனக்கு அழுகையே வந்துடுச்சு. அந்தப் பிள்ளை முன்னாடி பொய் அறிக்கை எழுத மனசு வரலை. அவர் உட்கார்ந்திருக்கும்போதே லேபிலிருந்து போன். அக்கா, கிருமி உன் டப்பாவுலதான் இருக்கு. வயித்துக்குள்ள இருந்தும் உனக்கு ஒண்ணும் செய்யாது. ஆனா நீ சமைச்சா சாப்பிடுறவங்களுக்குப் போகும். மருந்து குடிச்சு, மறுபடி டெஸ்ட் பண்ணி, கிருமி இல்லைன்னு வர்ற வரைக்கும் நீ அடுப்படிக்குள்ள போகக்கூடாது. மாப்பிள்ளை உடனே வீட்டுக்குப் போன் போட்டார். சம்பந்தியம்மா ரொம்பப் பெருந்தன்மையா, அதுவரைக்கும் தானே உன் வீட்டுக்கு வந்து தங்கிச் சமைச்சுப் போடுறேன்னுட்டாங்க. நாளைக்குக் காலையில வர்றாங்க. கதவைத் திறந்துடு.