லாய்டின் முதல் அபிப்பிராயம்

லாய்ட் கெம்பைனெனின் இலக்கு அட்டையில் ஒரு துளைகூட இல்லை.

அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் சுத்தம். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மே மாதத்து வெயில் அட்டையின் எந்த மூலையிலிருந்தும் எட்டிப் பார்க்கவில்லை.

"கடையில திருப்பிக் குடுத்துடு ராசா," என்றார் லொரேன். "புத்தம் புதுசா இருக்கு, வாங்கிப்பாங்க."

லொரேன் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய பெண்மணி. இப்போது ஆல்டர் க்ரீக் துப்பாக்கிச் சங்கத்தின் சுடுதளம் அவர் பொறுப்பில். அறுபது பிள்ளைகளைக் கண்ணாடி வழியாகவே அடக்கிய அந்தக் குரலுக்கு முன்னால், கவுண்டி சாலைத் துறையில் பதினோரு பனி அகற்றும் வண்டிகளுக்கு அதிகாரியான லாய்ட் வெறும் இரண்டாம் வகுப்புப் பையன்.

"பத்து குண்டு போட்டேன் லொரேன். பத்தும் நடு மத்தியில. எனக்கே தெரிஞ்சுது."

"உனக்குத் தெரிஞ்சுது. அட்டைக்குத் தெரியலையே."

லாய்ட் கவலைப்படக் காரணம் இருந்தது. சங்கத்தின் அணியில் ஐந்து பேர். ஒவ்வொரு அக்டோபரிலும் பக்கத்து ஊர் க்ரானைட் பாயின்ட்டோடு போட்டி. தோற்ற ஊர், ஜெயித்த ஊருக்குக் கறியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்த பாஸ்டி சுட்டுப் போட வேண்டும். எட்டு வருடமாக ஆல்டர் க்ரீக் பெண்கள் மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். இந்த வருடம் கிழவர் ஆர்வோ முழங்கால் வலிக்குப் பயந்து ஃப்ளோரிடாவுக்குப் போய்விட, ஓர் இடம் காலி. அணியில் இடம் பிடித்தவர்களின் படங்கள் மாட்டிய சங்கக் கட்டடச் சுவரில் லாய்டின் அப்பா படம் இருந்தது. அண்ணன் படம் இருந்தது. துப்பாக்கியை விடத் துடைப்பத்தை நன்றாகப் பிடிப்பாள் என்று அவர் கேலி செய்த தங்கையின் படமும் இருந்தது. சுவரேறாத ஒரே கெம்பைனென், ஐம்பத்து நான்கு வயது லாய்ட்தான்.

அதற்காகவே புதிய ரைஃபிள் ஒன்று வாங்கியிருந்தார். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு போகும், வெற்றுக் கூட்டை வலப்பக்கம் துப்பிவிட்டு அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும். அணிக்கான நீலச் சட்டையும் வாங்கி, நெஞ்சில் 'லாய்ட்' என்று தைத்தும் ஆகிவிட்டது. தேர்வு மட்டும்தான் பாக்கி இருந்தது.

அந்தத் தேர்வின் லட்சணம்தான் இந்த அட்டை.

பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவர் ராய் பெல்டோலா, நாற்பது வருடப் பழக்கம். அவர் அட்டையைப் பார்த்துக் கூட்டமே மூச்சை இழுத்தது. நட்ட நடுவில் பத்துத் துளைகள், ஒரு பொத்தானை வைத்தால் மூடிவிடும்.

லொரேன் இலக்கு வரிசையை ஒருமுறை பார்த்தார். எந்த இலக்கு யாருடையது என்று காட்டும் எண் பலகைகள் எல்லாம் அன்று வண்ணம் காயாமல் கொட்டகையில் கிடந்தன.

"லாய்ட், உன் குண்டை அவன் அட்டையில போட்டுட்டியா?"

"நான் என்ன நேத்திக்குப் பொறந்தவனா?"

லொரேன் ராயின் அட்டையில் பென்சிலை வைத்து எண்ணினார். ஒருமுறை, மறுபடியும் ஒருமுறை. "பத்து. நீயும் போட்டிருந்தா இருபது இருக்கணும். ராய் சுட்டது பத்து, இருக்கறது பத்து. உன்னோடது ஓடைக்குத்தான் போயிருக்கு. தொண்ணூத்தொம்பது புள்ளி! ராய், எங்கடா ஒளிச்சு வெச்சிருந்தே இதை?"

ராய், சொர்க்கத்திலிருந்து தபால் வந்த மனிதனைப் போல அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சங்க வரலாற்றில் முதல்முறையாக, "நானே பெருக்கிடறேன்," என்று துடைப்பத்தை எடுத்தார். லாய்டின் துப்பாக்கி துப்பிய கூடுகள் எல்லாம் ராயின் மேசையில்தான் சிதறிக் கிடந்தன. சூடான கூடு ஒன்று சட்டைக் காலருக்குள் விழுந்தபோதுகூட அவர் கத்தவில்லை. பெருந்தன்மை என்று லாய்ட் நினைத்துக்கொண்டார்.

"எல்லாரும் தோட்டா கொண்டு வந்தீங்கதானே?" என்று ஓரத்திலிருந்து கஸ் ஏக்கத்தோடு கேட்டார். அவர் தலையில் இளஞ்சிவப்பு நிறத்தில் முயல் காது வைத்த தொப்பி. தோட்டாவை வீட்டில் மறந்துவிட்டு வருகிறவர், அடுத்தவர் மறக்கும்வரை அதைச் சங்கத்தில் மாட்டிக்கொண்டு திரிய வேண்டும். கஸ் போன அக்டோபரில் மாட்டியவர். "ஒருத்தனும் மறக்க மாட்டேங்கறான்," என்று பெருமூச்சு விட்டார்.

வீட்டில் மனைவி ஜூடி விஷயத்தைக் கேட்டுவிட்டு அலமாரியைத் திறந்து நீலச் சட்டையைப் பார்த்தாள். "பிரிச்சு 'ராய்'னு தைச்சுடலாம். நூல் மிச்சமாகும்."

"குறை என்கிட்ட இல்ல ஜூடி. துப்பாக்கியில."

சங்கத்தின் இரண்டு தாள் மாதப் பத்திரிகையில் 'முதல் அபிப்பிராயம்' என்ற பத்தி லாய்டுடையது. சுடுநீர்க் குடுவை, ரப்பர் காலணி, கரடி விரட்டும் தெளிப்பான் என எதையும் அவர் முதல் பார்வையிலேயே எடைபோட்டுவிடுவார். அந்த மாதம் எழுதினார்: "தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் இந்த ரைஃபிளைச் சுடுவது, அதைச் செய்தவர்களை மன்னிப்பதற்குச் சமம். இதிலிருந்து கிளம்பும் குண்டு எங்கே போகிறது என்பது ஆராய்ச்சிக்குரியது."

ஒரு வழி பாக்கி இருந்தது. போட்டிக்கு முன்னால் அணியில் இருக்கிற யாரையும் ஒருமுறை சவாலுக்கு அழைக்கலாம். லாய்ட் ராயை அழைத்தார். செப்டம்பர் முதல் சனிக்கிழமை என்று முடிவாயிற்று.

"தாராளமா," என்றார் ராய். முகம் லேசாக வெளுத்தது. "ஆனா நடுவுல என்னால பயிற்சிக்கு வர முடியாதுப்பா. மணிக்கட்டு வலி." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உன் மேல குறையே இல்ல லாய்ட். விசைதான். தொழிற்சாலை விசை கல்லு மாதிரி இருக்கும். மாத்திடு."

துப்பாக்கி வைத்திருப்பவனிடம் 'உன் மேல குறை இல்லை' என்று ஒருவன் சொல்லிவிட்டால், அப்புறம் அவன் கிணற்றில் குதிக்கச் சொன்னாலும் எந்தக் கிணறு என்றுதான் கேட்பான். லாய்ட் விசையை மாற்றினார்.

"பழசை என்ன பண்ணப் போறே?" என்றார் ராய்.

"குப்பையிலதான்."

"எங்கிட்டக் குடு. சும்மா கிடக்கட்டும்."

புதிய விசை மிகவும் நாசூக்கானது. லாய்ட் அதைத் தொடவில்லை, தொடலாமா என்று நினைத்தார், அவ்வளவுதான். குண்டு கிளம்பி, காற்றின் திசை காட்டும் கொடியின் கம்பை இரண்டாக்கியது.

"காத்து நின்னுடுச்சு," என்றார் லொரேன்.

ஜூலையில், தோளில் அழுத்திப் பிடிக்கும் பின்கட்டை மாறியது. புதிய கட்டையில் கன்னத்துக்கு ஒரு திருகு, தோளுக்கு ஒன்று, கைக்கு இரண்டு, எதற்கென்று விளக்கத் தாளிலேயே சொல்லாத ஒன்று. கன்னத்தைச் சரி செய்தால் தோள் இறங்கியது. தோளை ஏற்றினால் மூக்கு இடித்தது. கழித்த கட்டையையும் ராய் எடுத்துக்கொண்டார்.

"சாப்பாட்டு நாற்காலி மூணு வருஷமா ஆடுது," என்றாள் ஜூடி. "அதுல ஒரே ஒரு திருகுதான். அதையும் கொஞ்சம் துப்பாக்கின்னு நெனச்சுக்கோயேன்."

அடுத்து தொலைநோக்கி வந்தது. அதன் வழியாகப் பார்த்தால் ஐம்பது கஜத்துக்கு அப்பால் இருக்கும் கொசுவின் மனநிலைகூடத் தெரிந்தது. அட்டை மட்டும் தெரியவில்லை. அது அவ்வளவு பெரியதாகிவிட்டதால் எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளையாக இருந்தது.

பிறகு கனத்த குழல், அதைத் தாங்க இரண்டு கால்கள். குழல் முனையில் உதைப்பைக் குறைக்கும் கருவி ஒன்று. அந்த ரைஃபிளின் உதைப்பு, பணப்பையை மூடும்போது வருகிற அதிர்ச்சி அளவுதான். கருவி அதையும் குறைத்து, மிச்சக் காற்றைப் பக்கவாட்டில் அடித்து, லொரேனின் காபிக் கோப்பையை ஓடையில் சேர்த்தது.

ஆகஸ்டில் துப்பாக்கியைத் தூக்க முடியவில்லை. குளிர்காலத்தில் உறைந்த ஏரிக்கு மீன் பிடிக்கப் போகும்போது சாமான் இழுக்கும் சறுக்கு வண்டியில் வைத்து, கொளுத்தும் வெயிலில், பச்சைப் புல்மேல் இழுத்துக்கொண்டு வந்தார் லாய்ட்.

"பனி எப்போ விழும்னு ரோடு டிபார்ட்மென்ட்டுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு," என்றார் கஸ், முயல் காதுகள் ஆட.

பத்தியில் லாய்ட் நான்காவது முறையாகத் தன் முதல் அபிப்பிராயத்தை எழுதினார்: "இப்போதுதான் இது துப்பாக்கி." உண்மையில் மேயில் வாங்கியதில் அவரிடம் மிஞ்சியிருந்தது எண் பொறித்த நடு உலோகத் துண்டு ஒன்றுதான். மற்றதெல்லாம் ராயின் வீட்டில் சும்மா கிடந்தது.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை வந்தது. நீளமான மேசையில் பாஸ்டிகளிலிருந்து ஆவி பறந்தது. ராயின் மனைவி டார்லீன்கூட வந்திருந்தாள்; சனிக்கிழமைகளில் மருந்துக்கடையில் வேலை என்பதால் அந்த வருடம் அவள் சங்கத்துக்கு வருவது அதுதான் முதல் தடவை. சுவரில், சட்டம் போட்டு, ராயின் மே மாத அட்டை. அதன் பக்கத்தில் அணிப் படத்துக்காக ஓர் ஆணி காலியாக இருந்தது. லாய்ட் அந்த ஆணியைப் பார்த்தார். அப்பாவின் படத்தைப் பார்த்தார்.

ராய் தன் துப்பாக்கியை வெளியே எடுத்தார். லாய்டுடைய அதே ரகம்தான்; விசை, கட்டை, குழல் எல்லாம் லாய்ட் கழித்துப் போட்டவை. 'பாவம், என் குப்பையை வெச்சு ஒப்பேத்தறான்,' என்று நினைத்தார் லாய்ட். வெற்றிக்கு முன்னால் வருகிற இரக்கம் மிகவும் சுகமானது.

லொரேன் விசில் ஊதினார்.

லாய்ட் குனிந்தார். தொலைநோக்கியில் கரிய வட்டம் ஒன்று தெரிந்தது. நடுப்புள்ளி! நினைத்தார், விசை அதற்குள் வெடித்தது. கரிய வட்டம் இறக்கை விரித்துப் பறந்து போயிற்று. கன்னத் திருகைச் சரி செய்தார். இன்னொரு குண்டு போயிற்று. நான்காவது கூடு வெளியே வராமல் மாட்டிக்கொண்டது. அதை எடுத்து முடிப்பதற்குள் ஒரு கால் மடங்கி, துப்பாக்கி முழங்கால் போட்டுப் பிரார்த்தனை செய்தது. மிச்சக் குண்டுகளை லாய்ட் நம்பிக்கையின் பேரில் அனுப்பினார்.

லொரேன் இரண்டு அட்டைகளையும் கொண்டுவந்து வெகுநேரம் பார்த்தார்.

"லாய்ட் ஒம்பது."

"குண்டா?"

"புள்ளி. நூத்துக்கு." மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ராய் பதினொண்ணு."

கூட்டம் திகைத்தது. ராய் அவசரமாக மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வலி... இன்னும் போகல."

"பதினொண்ணு ஒம்பதை விடப் பெரிசு," என்றார் லொரேன். "இடம் ராய்க்குத்தான். அட்டைங்க ரெண்டும் இவ்வளவு பத்திரமாத் தப்பிச்சு நான் பார்த்ததே இல்ல. பொம்பளைங்களா, மாவு பிசைய ஆரம்பிச்சுடுங்க."

லாய்ட் ஒரு பாஸ்டியை எடுத்துக்கொண்டு ராயின் எதிரே வந்து உட்கார்ந்தார். கெம்பைனென்கள் தோற்ற இடத்தில் கை குலுக்குகிறவர்கள். ராயின் வலிக்கிற கையை விட்டுவிட்டு மற்றதைக் குலுக்கினார்.

"மணிக்கட்டு சரியானா நீ ஜெயிச்சுடுவேப்பா. அந்த மே மாசப் பத்து இருக்கே... என் ஜென்மத்துல அப்படி ஒரு தடவை சுட்டா போதும்னு இருக்கு. நமக்கு அந்தக் கை இல்ல. அவ்வளவுதான்."

"அட, விடு," என்றார் ராய், பாஸ்டியைப் பார்த்துக்கொண்டே. காது சிவந்திருந்தது. "அதிர்ஷ்டம்."

"அதிர்ஷ்டம் பத்து தடவை வராது. சட்டையைக் கொண்டு வந்து தரேன். பேரை மட்டும் மாத்திக்கோ."

டார்லீன் இரண்டு பேருக்கும் நடுவில் கெட்சப் பாட்டிலை வைத்தாள். அவள் கண் கஸ்ஸின் தலைமேல் போயிற்று.

"ஏன் கஸ், இதென்ன வேஷம்?"

"தோட்டாவை வீட்டுல மறந்துட்டேன் டார்லீன். பதினோரு மாசம் ஆச்சு. வேற யாராவது மறந்தாத்தான் எனக்கு விடுதலை."

ராய் சட்டென்று எழுந்தார். "டார்லீன், கிளம்பலாமா? மழை வர மாதிரி இருக்கு."

வானம் துடைத்து வைத்தாற்போல நீலமாக இருந்தது. டார்லீன் சிரித்துச் சிரித்து, கஸ்ஸின் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றினாள்.

"அட பாவமே, அப்படின்னா இதை மே மாசமே இந்த மனுஷன் தலையில மாட்டியிருக்கணும்! தேர்வு அன்னிக்குத்தான் தோட்டா டப்பாவை எடுக்காமலே போயிட்டாரே. இன்னும் பிரிக்காம என் சமையல் மேடையில, ரொட்டி டப்பாவுக்குப் பின்னாடிதான் இருக்கு!"