பிறந்ததேதியும் பூப்படக்காரர்களும்

ஹைதராபாத்தில் பிறந்தவரானாலும் பிழைக்க வந்தவரானாலும், தம் வயதை மறைத்து அந்த மனிதரிடம் தப்பியவர் ஒருவர்கூட இல்லை. மீசைக்குச் சாயம் பூசியவர் அகப்பட்டார். பள்ளிச் சான்றிதழில் இரண்டு வயதைக் குறைத்தவர் அகப்பட்டார். குரலை மெலிதாக்கிக்கொண்டு தொலைபேசியில் பேசியவரும் அகப்பட்டார். அவரை ஒருமுறை, ஒரே ஒருமுறை, நான் சொற்போரில் வென்றேன். வென்ற கதையைச் சொல்வதில் எனக்கு எப்போதுமே தயக்கம் இருந்ததில்லை. இதைச் சொல்வதற்கு மட்டும் இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன.

நாங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் பிறந்ததேதி. அவர் முதுகுக்குப் பின்னால் மட்டுமே புழங்கிய பெயர் அது.

கொண்டாப்பூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காம் தளத்தில் சமூக வலைத்தளம் ஒன்று நடந்துவந்தது. இளைஞர்கள் தங்கள் படங்களைப் போட்டு, அடுத்தவர் படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்கான இடம். அவர்கள் பெருமூச்சு விடும் நேரத்தில் பக்கத்திலே ஒரு விளம்பரம் தெரியும். அதுவே எங்கள் அனைவரின் சோறு. திருநெல்வேலிக் கல்லூரி ஒன்றிலிருந்து பதினேழு பேச்சுப் போட்டிக் கோப்பைகளோடு வந்திறங்கிய என்னை, விளம்பரதாரர்கள் முன் நின்று பேசுவதற்கென்றே எடுத்திருந்தார்கள். கேண்டீனில் தேநீர் கேட்பதற்குக்கூட முன்னுரை, பொருளுரை, முடிவுரை வைத்திருந்த காலம் அது.

பிறந்ததேதிக்குப் போலிக் கணக்குகளைக் கண்டுபிடித்து நீக்குகிற வேலை. ஐம்பதை நெருங்கியவர். பிரிட்டிஷ் காலத்திலேயே செகந்திராபாத் வந்துவிட்ட தமிழ்க் குடும்பம்; பேச்சில் ஊர் உருது கலந்திருக்கும்; திருமுல்கேரியிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருவார். முன்பு ஆயுள் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் வயதுச் சான்றுகளைச் சரிபார்த்தவர். அந்த அலுவலகம் அவரை விட்டும் அந்த வேலை அவரை விடவில்லை.

நான் சேர்ந்த முதல் நாள், சாப்பாட்டு வரிசையில் என் பின்னால் நின்றவர் சொன்னார்: "இருவத்தி நாலு. கார்த்திகைல இருவத்தஞ்சு."

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"சாம்பார் கேக்கறதுக்குக் கையைத் தூக்கிப் பேசறே. இருவத்தஞ்சுக்கு மேலே ஒருத்தனும் சாம்பாருக்குக் கை தூக்க மாட்டான்."

"மாசம்?"

"அது உன் பைல்ல பார்த்தேன்."

எங்கள் விற்பனைத் தலைவருக்குப் பிறந்தநாள் வந்தது. கேக்கின்மேல் நாற்பது என்று மெழுகுவத்தி எண் நின்றது. எல்லோரும் பாடி முடித்ததும் பிறந்ததேதி முன்னால் வந்து, "இன்னும் ஏழு வருஷம் பாக்கி இருக்கு" என்றார். தெலுங்கரான தலைவருக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் ஏழு என்று விரித்துக் காட்டிய விரல்கள் புரிந்தன.

"ஏமய்யா, நீக்கு பனி லேதா?" உனக்கு வேறு வேலையே இல்லையா என்று சீறினார்.

"ஹவ் சார், ஆமா, இதானே என் வேலையே" என்றார் பிறந்ததேதி, மிகுந்த பணிவோடு.

நாங்கள் சிரித்தோம். தலைவர் சிரிக்கவில்லை. கேக்கை வெட்டிய கத்தியை அவர் துடைத்து வைத்த விதமே எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் பிறந்ததேதி தம் மேசையைச் சுற்றிப் பூக்களை ஒட்டத் தொடங்கினார். ரோஜா, தாமரை, சூரியகாந்தி, நடுவிலே ஒரு சூரிய உதயம். எல்லாம் எங்கள் பயனாளர்கள் தங்கள் முகத்துக்குப் பதிலாக வைத்திருந்த படங்கள். யாரோ இறந்துபோன வீட்டைப் போல இருந்தது அவர் இடம். என்னைக் கூப்பிட்டு ரோஜாவைக் காட்டினார்.

"இது இருவது வயசுப் பொண்ணாம் தம்பி. எல்லாமே கொட்டை எழுத்து, தமிழைக்கூட இங்கிலீஷ்ல அடிக்குது. எவனோ கல்யாணப் போட்டோ போட்டா, அதுக்குக் கீழே போய், 'மாப்பிள்ளைக்கு எந்த ஊரு, உங்க போன் நம்பர் மாறிடிச்சா'ன்னு கேக்குது. அப்புறம் 'நேரத்துக்குச் சாப்பிடு'. கடைசியில முழுப்பேரு, ஊரு, அன்புடன். எந்த இருவது வயசு அன்புடன் போடுது, சொல்லு?"

"அப்படின்னா வயசைப் பொய்யா போட்டிருக்காங்களா?"

"நக்கோ தம்பி, அப்படிச் சொல்லாதே. பாவம், பொய் சொல்லலே. வருஷப் பட்டியலைத் தொறந்தா எது மொதல்ல நிக்குது? இருவது வயசுக்காரன் பொறந்த வருஷம். அம்பத்தஞ்சு வயசுக்காரன் தன் வருஷத்துக்குப் போகணும்னா கீழே, கீழே, கீழே இழுக்கணும். மூக்குக்கண்ணாடி எங்கேன்னு தெரியலே. கை வலிச்சிருக்கும். விட்டுட்டான்."

நாடெங்கும் நான் முழங்கித் திரிந்த இளைஞர் பட்டாளம், பட்டியலை இழுக்கச் சலித்துப்போன பெற்றோர்களின் கூட்டம். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க அவர்கள் உள்ளே வந்திருந்தார்கள். அவர்கள் வந்ததைக் கண்ட பிள்ளைகள் வெளியே போய்விட்டிருந்தார்கள். காலி மைதானத்துக்கு நான் சீட்டு விற்றுக்கொண்டிருந்தேன்.

அப்போது நாங்கள் காத்திருந்தது ஒரு மோட்டார் சைக்கிள் நிறுவனத்தின் விளம்பரத்துக்காக. அது ஓராண்டு நிலைத்தால் நான்காம் தளம் நிலைக்கும். இல்லையேல் விளக்கணைக்க வேண்டியதுதான். இதைக் காவலாளி முதல் தலைவர் வரை அனைவரும் அறிவோம்.

"அவங்ககிட்ட உள்ளதைச் சொல்லிடு" என்றார் பிறந்ததேதி.

"சொன்னா அடுத்த நிமிஷம் எந்திரிச்சுப் போயிருவாங்க சார். விளம்பரதாரருக்கு வேண்டியது இளமை. இன்னைக்குப் பிடிச்ச கம்பெனிப் பெயரை இளைஞன் ஆயுசுக்கும் விட மாட்டான். வயசு ஏறினா நம்ம மதிப்பு இறங்கும்."

"கைக்கு, ஏன் எறங்கும்? பைக் வேணும்னு அழறவன் பையன். வாங்கிக் குடுக்கறவன் அப்பன். இப்போ அப்பன்தான் நம்மகிட்ட வந்து குந்தியிருக்கான். மதிப்பு ஏறித்தான் இருக்கு. ஆனா அப்பனுக்கு என்ன காட்டணுமோ அதைக் காட்டணும். மைலேஜைக் காட்டு, பிரேக்கைக் காட்டு. பல்டி அடிக்கிற பைக்கைக் காட்டினா பர்ஸைப் பூட்டிடுவான்." இன்னொரு பூவை ஒட்டிக்கொண்டே, "ஆமா, நீ கடைசியா நம்ம சைட்டுக்குள்ளே எப்போ போனே?" என்றார்.

விடை இல்லாத கேள்வியைக் கேட்டவரை மன்னிக்கும் பழக்கம் மேடையில் வளர்ந்தவர்களுக்குக் கிடையாது.

கூட்டத்துக்கு வந்த மோட்டார் சைக்கிள் அதிகாரி சேலத்துக்காரர். பேச்சு விரைவிலேயே தமிழுக்கு வந்துவிட்டது. நான் இளமையைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். அருவி என்றேன், அம்பு என்றேன், நாளைய பாரதம் என்றேன். முடிக்கும் நேரத்தில் பின் வரிசையில் பிறந்ததேதி எழுந்து நின்றார். கையில் ரோஜாப் படம்.

"சார், ஒரு விசயம். நம்ம ஆளுங்களுக்கு வயசாயிடிச்சு."

தலைவர் என்னைப் பார்த்தார். அதிகாரியும் என்னைப் பார்த்தார். அந்தக் கணத்தில் நான் ஆம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஓர் அவை என்னைப் பார்க்கிறது என்ற எண்ணம் வந்துவிட்டால், என் நாக்கு என்னைக் கேட்பதில்லை.

"பெரியவர் கையில் இருப்பது சான்றா, பூவா?" என்றேன். "ரோஜாவைப் பார்த்து வயது சொல்பவர், மல்லிகையைப் பார்த்துத் திருமண நாளும் குறித்துக் கொடுப்பாரா?"

அறை அதிர்ந்தது. தமிழ் அரைகுறையாகப் புரிந்த தலைவர் எல்லோரையும்விட நெடுநேரம் சிரித்தார். பிறந்ததேதி ரோஜாவை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்றே ஒப்பந்தம் கையெழுத்தானது. நான் மைக்கோடு நிற்கும் படத்தை, கடைசியாக எப்போது போனாய் என்று கேட்டவருக்கு விடையாகவே, எங்கள் தளத்தில் ஏற்றினேன்.

திங்கட்கிழமை அவர் அடையாள அட்டை வாசல் கதவைத் திறக்கவில்லை. ஒப்பந்த ஊழியர், நீட்டிப்பு இல்லை என்றார்கள். பொருள்களை வாங்கிக்கொண்டு வந்தவரை லிப்டில் பார்த்தேன். ஒரு சாப்பாட்டு டப்பா, சுருட்டிய பூக்கள்.

"நல்லா பேசினே தம்பி. ஜெயிச்சிட்டே" என்றார். கேலி துளியும் இல்லை. தரைத்தளம் வந்ததும், "ஆனா இந்தப் பூவுங்க உன் பேச்சைக் கேக்கலையே" என்று சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனார். மன்னிப்புக் கேட்க எனக்கு நான்கு தளங்கள் இருந்தன. நான் குறைந்துகொண்டே வந்த தள எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விளம்பரம் வெளியானது. தலைக்கவசம் இல்லாத ஓர் இளைஞன் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு மலை உச்சியிலிருந்து பாய்ந்தான். ஒரு மணி நேரத்துக்குள், அலுவலகச் சுவரின் பெரிய திரையில் எல்லோரும் பார்க்க, அதன் கீழே பூக்கள் திரண்டன; எல்லாம் கொட்டை எழுத்து. "தம்பி, ஹெல்மெட் எங்கே?" "சக்கரத்தைக் கீழே இறக்கு." "என் மருமகனின் அண்ணன் இப்படித்தான் விழுந்தான், முட்டியில் தகடு வைத்திருக்கிறது, அன்புடன்." ஒரே ஒரு தாமரை மட்டும், "மைலேஜ் எவ்வளவு?" என்று நான்கு முறை கேட்டிருந்தது; பதில் சொல்வார் இல்லை. அந்தச் சேலத்து அதிகாரியின் தந்தையும் ஒரு செம்பருத்தியாக வந்து, "டேய், இதுதான் நீ பார்க்கிற வேலையா? அம்மா உன்னைப் போன் பண்ணச் சொன்னாள்" என்று உலகறிய எழுதியிருந்தார்.

மூன்றாம் மாதம் ஒப்பந்தம் முறிந்தது. அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு நாற்காலிகள் காலியாயின. தலைவர் சாயம் பூசுவதை விட்டார், நாற்பத்தேழு தெரிந்தது. கடைசியில் நான்காம் தளத்தில் ஏசியின் ஓசை மட்டும் யாருக்கோ சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தது. நானும் வேறிடம் தேடிக்கொண்டேன்.

சென்ற மாதம் அறிவிப்பு வந்தது: தளம் மூடப்படுகிறது, வேண்டிய படங்களை ஒரு வாரத்துக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பைகளைப் போலவே அந்த மைக் படத்தின்மீதும் எனக்கு ஆசை இருந்தது. கடவுச்சொல்லையே மறந்துபோயிருந்தேன். படத்தை ஏற்றிய நாளுக்குப் பிறகு ஒருமுறைகூட நான் உள்ளே போகவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இளைஞர்கள் அங்கே இல்லை என்பதற்கு இந்த நாட்டிலேயே சிறந்த சான்று நான்தான்; என்னை வைத்துக்கொண்டு அவர் ரோஜாவைத் தேடியிருக்கவே வேண்டாம்.

படத்தின் கீழே ஒரே ஒரு கருத்து இருந்தது. அவரைப் பார்த்து அவையை நான் சிரிக்க வைத்த அதே நாளின் மாலையில் எழுதியது. முகத்துக்குப் பதில் ரோஜா, நான்காக மடித்த கோடுகளோடு. எல்லாம் கொட்டை எழுத்து.

"தம்பி, போட்டோ நல்லா வந்திருக்கு. கொஞ்சம் மெலிஞ்சிருக்கே. நேரத்துக்குச் சாப்பிடு. அன்புடன், பிறந்ததேதி, திருமுல்கேரி."

அந்தப் பெயர் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

பதில் எழுத உட்கார்ந்தேன். பதினேழு கோப்பைகளில் ஒன்றும் உதவிக்கு வரவில்லை. எதையோ எழுதி அனுப்பிவிட்டு, திரையில் தெரிந்ததைப் படித்துப் பார்த்தேன். மன்னிப்பு இரண்டே வரியில் முடிந்திருந்தது. மழையில் நனையாமல் போய்ச் சேர்ந்தீர்களா என்று இரண்டு ஆண்டுகள் கழித்துக் கேட்டிருந்தேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டிருந்தேன். கீழே என் முழுப்பெயர், ஊர், அன்புடன்.