கூரைத்துணி ஒட்டிய கதையும் கார்க் கண்ணாடி உடைந்த காரணமும்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு அத்தை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமனாரும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீங்களும் என் மகளும் குழந்தைகளும் அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நலம் விசாரித்தாகிவிட்டது. இனி உங்கள் காரைப் பற்றி.

ஃபோனில் சொல்லலாம்தான். ஆனால் ஃபோனில் நீங்கள் "சரிங்க அத்தை, சரிங்க அத்தை" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு என் மகளிடம் கொடுத்துவிடுவீர்கள். கடிதம் என்றால் முழுக்கக் கேட்டுத்தான் ஆகவேண்டும், குறுக்கே பேச முடியாது. உங்கள் கல்யாணத்தன்று ஃபோட்டோக்காரர் கூப்பிட்டபோது என்னை மறைத்துக்கொண்டு நின்றீர்கள். படத்தில் எனக்கு ஒரு காதும் ஒரு முழங்கையும்தான் விழுந்திருக்கின்றன. பன்னிரண்டு வருஷம் ஐந்து மாதம் ஆகிறது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

போன மாதம் நீங்கள் வந்தபோது காரின் உள்கூரையில் ஒட்டியிருந்த துணி பிரிந்து தொங்கி உங்கள் தலைமேல் விழுந்ததல்லவா, அப்போது, "மாமா, இது கார் இல்ல, கொசுவலை" என்று சிரித்தீர்கள். சிரித்துவிட்டு, வண்டியை எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் மதிலை ஒட்டி நிறுத்திவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டீர்கள். இந்த மனுஷன் அந்த ஒரு வார்த்தையை வைத்து மாதம் பூராவும் மென்றார். சனிக்கிழமை நீங்கள் வண்டி எடுக்க வருவதற்குள் தானே ஒட்டி வைப்பேன் என்று கிளம்பினார். சீட் கவர் தைக்கிற கடையில் விட்டால் ஒரே நாளில் முடிகிற வேலை. நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்: "கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் மாட்டின கை இது. அந்தப் பசை வாடையெல்லாம் உங்க நெஞ்சுக்கு ஆகாது. இன்னொரு தடவை மூச்சு இழுத்தா வீட்ல வச்சுக்கிட்டு உக்காந்திருக்காதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டுப் போயிருக்காரு." உடனே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இனிமே இந்த வீட்ல யாரோடயும் நான் பேசப் போறதில்ல" என்றார். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். தன்னோடு தான் பேசாமல் அவரால் இருக்க முடியாது, அது எனக்குத் தெரியும். ஆக, அந்த யாரோ நான்தான்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. எட்டு நாள். மோட்டாரை நிறுத்தவேண்டும் என்றால் வாளியைப் பார்த்துச் சொல்வேன். அவர் தன் செருப்பைப் பார்த்துப் பதில் சொல்வார். சோறு ஆறுகிறது என்பதைக்கூட அடுப்பிடம்தான் சொன்னேன்.

நேற்றுக் காலையில் ஆரம்பித்தார். விளக்கு, வெயில் மறைக்கிற பலகை, கைப்பிடி எல்லாவற்றையும் கழற்றி, சீட்டைச் சாய்த்து, கூரை அட்டையை உருவிக் கொண்டுவந்து, நாங்கள் சாப்பிடுகிற மேசைமேல் போட்டார். துணியை இழுத்தால் அது பாட்டுக்கு வந்துவிட்டது, ஆனால் அடியில் இருந்த பஞ்சு மக்கி மஞ்சள் மாவாகிக் கிடந்தது. அதைப் பிரஷ்ஷால் தேய்த்தார். ஜன்னல் வழியாகப் பறந்து கொடியில் காய்ந்த நாலு போர்வையிலும் படிந்தது. உள்ளே ஒரு தேய்ப்பு, ஒரு இருமல், ஒரு தேய்ப்பு, இரண்டு இருமல். அட்டையைத் தேய்க்கிறாரா தன் நெஞ்சைத் தேய்க்கிறாரா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். ஆனாலும் கேட்கவில்லை. பிறகு பசை. அட்டைக்கும் துணிக்கும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவி நீவி ஒட்டினார். ஒரு சுருக்கம் இல்லை. இதை நான் அவரிடம் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். அத்தோடு விட்டாரா? தகரத்தோடு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளட்டும் என்று அட்டையின் முதுகிலும் அரை டப்பா பசையைப் பூசி, அதைக் காருக்குள் ஏற்றி, தானும் ஏறி, பசையில் தூசி படும் என்று என் பக்கத்துக் கண்ணாடி இரண்டையும் ஏற்றிவிட்டு, கதவையும் பூட்டிக்கொண்டார்.

நான் பின்வாசல் படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் கழற்றிய ஸ்க்ரூக்கள் ஒரு மூடியில் என் கால்மாட்டில் இருந்தன. அவர் தலையாலும் இரண்டு கையாலும் அட்டையைத் தாங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. உள்ளிருந்து குரல் வந்தது: "வெளிய யாராவது இருந்தா அந்த ஸ்க்ரூவ எடுத்துத் தரலாம்."

நான் வாளியைப் பார்த்து, "கேக்குறவங்க ஆளப் பாத்துக் கேக்கணும்" என்றேன்.

"ஆள் இருந்தாத்தானே பாக்குறதுக்கு?"

"ஆள் இல்லாத வீட்டுலதான் மூணு வேளையும் சோறு தானா வேகுதோ?"

"வாளி ரொம்பப் பேசுது."

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. வாளியும் சொல்லவில்லை. இருமினார். மறுபடி இருமினார். மூன்றாவது இருமல் பாதியில் நின்றது. நான் பீன்ஸைப் பார்த்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். சத்தமே இல்லை. கண்ணாடி உள்ளே மங்கலாக இருந்தது. அட்டையின் ஓரத்தில் அவருடைய நாலு விரல் தெரிந்துகொண்டிருந்தது, நான் பார்க்கப் பார்க்க அந்த விரலும் நழுவிக் கீழே போனது. அட்டை அப்படியே இறங்கிவிட்டது.

மாப்பிள்ளை, பீன்ஸை அப்படியே போட்டுவிட்டுக் கார்கிட்டே ஓடினேன். சாய்த்த சீட்டில் மனுஷன் மல்லாந்து கிடக்கிறார், மேலே அட்டை, முகம் தெரியவில்லை. கதவை இழுத்தேன், வரவில்லை. பின்கதவும் வரவில்லை. அந்தப் பக்கம் மதில், என் உடம்புக்கு அந்தச் சந்தில் நுழைய வழியில்லை. கண்ணாடி இடுக்கிலேயே பசை நெடி மூக்கில் ஏறுகிறது, உள்ளே எப்படி இருக்கும்? எட்டு நாள் ரோஷமெல்லாம் எங்கே போனதோ. "என்னங்க" என்றேன். அசைவில்லை. "என்னங்க, என்னைப் பாருங்க" என்றேன். இல்லை. மூன்றாவது தடவை கத்தினேனா அழுதேனா தெரியாது. ஒரு ஸ்க்ரூவை எடுத்துக் கொடுத்திருந்தால் கதவைத் திறந்திருப்பாரே, நான்தானே வாளியிடம் நியாயம் பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய சுத்தியல் படியிலேயே கிடந்தது. எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஓங்கிப் போட்டேன்.

கண்ணாடி கற்கண்டு மாதிரி பொலபொலவென்று கொட்டியது. கையை விட்டுப் பூட்டைத் தூக்கி, அட்டையை நிமிர்த்தி, அவரைப் பிடித்து இழுத்தேன். கண்ணைத் திறந்து, "தண்ணி" என்றார். என்னைப் பார்த்தே சொன்னார். குடித்து முடிக்கும்வரை நான் திட்டவில்லை. பிறகு திட்டினேன்.

அதற்கப்புறம் பேச்சு நிற்கவில்லை. நான் தலையால் முட்டுக்கொடுத்துத் தாங்க, அவர் ஸ்க்ரூ முடுக்க, அட்டையை ஏற்றிவிட்டோம். முதுகுப் பசையில் கண்ணாடித் தூள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. மேடு பள்ளத்தில் போனால் உங்கள் தலைக்குமேல் நறநறவென்று கேட்கும், பயப்பட வேண்டாம். துணி மட்டும் இனிமேல் ஜன்மத்துக்கும் தொங்காது. கண்ணாடி போனதை வைத்து நீங்கள் முகத்தைச் சுளிக்கக் கூடாது. கண்ணாடி கடையில் கிடைக்கும். மாமனார் கிடைப்பாரா? ஒரு உயிரைக் காப்பாற்றியவள் என்ற முறையில் கேட்கிறேன்.

பிள்ளைகளைக் காற்றில் அலையவிடாதீர்கள். மகளிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள். சனிக்கிழமை மதியச் சாப்பாடு இங்கேதான்.

இப்படிக்கு,
உங்கள் நன்மையையே நினைக்கும்
அத்தை

பின்குறிப்பு: எழுத்துப் பிழை இருந்தால் திருத்தச் சொல்லி இதை அவரிடம் கொடுத்தேன். ஒரு பிழையும் திருத்தவில்லை, உட்கார்ந்து சிரிக்கிறார். மதில் பக்கத்துக் கண்ணாடி பாதி இறங்கித்தான் இருந்ததாம், காற்று ஜில்லென்று வந்ததாம். அந்தப் பக்கக் கதவு பூட்டவே இல்லையாம். கை கடுத்ததால் அட்டையைப் போர்த்திக்கொண்டு சும்மா படுத்தாராம். "அப்போ நான் கூப்பிட்டது காதுல விழலையா?" என்று கேட்டேன். "விழாம என்ன? எட்டு நாள் கழிச்சுக் கேக்குறேன், நீ இன்னொரு தடவை கூப்பிடுவியான்னு பாத்தேன். நாலாவதுக்கு நீ சுத்தியலோட நிக்கிற" என்கிறார். ஆகவே மாப்பிள்ளை, உயிரைக் காப்பாற்றினேன் என்று எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். கண்ணாடியைப் பற்றி என்ன கேட்பதானாலும் உங்கள் மாமனாரையே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த நிமிஷத்திலிருந்து நான் அந்த மனுஷனோடு பேசுவதில்லை.